இளம்பருவத்திற் புற்றுநோயுற்றார்க்கு நாம் செய்யத்தக்க துணை

உலகத்து மக்கட்கு வரும் நோய்கள் பலவாம். அவற்றுட் சில குழந்தைகட்கு உரியன என்றும், சில முதியோர்க்கு உரியன என்றும் மக்கள் பிரித்துக் கருதுவது வழக்கம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நரைத்த தலையும் தளர்ந்த உடலுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். அந்நோயுற்றாரிற் பெரும்பாலார் வயது முதிர்ந்தவரே என்பது உண்மைதான். ஆயினும் கல்லூரியிற் பயில்வோரும், புதிதாக மணம் முடித்தோரும், முதன்முறையாகத் தனித்து ஏர்பிடித்த உழவரும் அந்நோய்க்கு ஆளாதல் உண்டு. இத்தகையார் படும் துன்பம் எத்தன்மையது, அவர்க்கு உற்றாரும் உடன்பயில்வாரும் செய்யக்கூடியது யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

குழந்தைக்கு நோய் வரின் பெற்றோர் முடிவு செய்வர். குழந்தை அவர்தம் மடியிற் கிடக்கும். முதியவர்க்கு நோய் வரின் அவரே முடிவு செய்வர். பிள்ளைகள் சூழ்ந்து நிற்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இளையோர் நிலையோ வேறு. அவர் குழந்தையும் அல்லர். குடும்பத் தலைவரும் ஆகார். தேர்வு, வேலை, திருமணம், தனி வாழ்வு ஆகிய யாவும் தொடங்குங் காலத்தில் நோய் குறுக்கிடுகின்றது. மேனாட்டு மருத்துவர் இவ்வேறுபாட்டை உணர்ந்து, 15 முதல் 39 வயது வரையுள்ள நோயாளரைத் தனிப் பிரிவினராகக் கருத வேண்டுமென்று 2006ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளிவந்த அறிக்கையொன்றில் வற்புறுத்தினர். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டிலேயே இளையோர்க்கெனத் தனிப் பகுதியொன்று லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அமைக்கப்பட்டது.

ஒரு சகோதரியின் மரணமும் ஒரு மருத்துவமனையின் பிறப்பும்:— தமிழ்நாட்டிற் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு ஓர் இளம்பெண்ணின் மரணத்திலிருந்தே தொடங்குகின்றது என்பதை நம் மாணவர் பலர் அறியார். தஞ்சையை அடுத்த புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருக்குச் சுந்தரம்பாள் என்றோர் இளைய சகோதரி இருந்தார். அவருக்குக் கண்ட நோய் முதலிற் சீதபேதி என்றே எண்ணப்பட்டது; மலக்குடற் புற்றுநோய் என்பது பின்னரே வெளியாயிற்று. அவர் 1923இல் உயிர் நீத்தார். மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாமற்போன துயரம் அம்மையாரை விட்டு நீங்கவில்லை. 1925இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றபொழுது, அங்குப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். தாய்நாட்டிலும் அத்தகையதொன்று வேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்திற் பல்லாண்டு வேரூன்றி வளர்ந்தது.

புற்றுநோயாளர் எவ்வாறாயினும் இறப்பவரே, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என்பதே அக்காலத்தில் பலரிடம் நிலவிய எண்ணம். அதனை எதிர்த்து அம்மையார் பல்லாண்டு பொருள் திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021ஆம் ஆண்டு சனவரியில் மறையும் வரை அந்நிலையத்திற்கே தம் வாழ்வை அளித்தார். மும்பையில் 1941இல் திறக்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனையும் இவ்வாறே, 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த மெஹர்பாய் டாடா அம்மையாரின் நினைவினின்றும் எழுந்தது. ஒருவர் இழப்பு பிறர்க்கு வாழ்வாதல் இதுவன்றோ!

நோயின் இயல்பு:— நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவை வேண்டிய அளவு பிரிந்து பெருகிப் பின் அடங்கும். அங்ஙனம் அடங்காது, கட்டுப்பாடிழந்து பெருகுவதே புற்றுநோய். வயலிற் களை மண்டிப் பயிருக்குரிய நீரையும் உரத்தையும் கவர்வது போல், அவ்வணுக்கள் உடலின் நலத்தைக் கவர்கின்றன. இது தொற்றுநோயன்று, நோயாளியுடன் உண்பதாலும் உறங்குவதாலும் பரவாது. முதியோரிடம் காணப்படும் புற்றுநோய்கள் வேறு, இளையோரிடம் மிகுதியாகக் காணப்படுவன வேறு. இரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கழலைகளிற் தோன்றும் நோய், எலும்புப் புற்றுநோய், விதைப்பையிலும் சினைப்பையிலும் தோன்றும் கட்டிகள், தைராய்டுப் புற்றுநோய், மூளைக் கட்டி ஆகியவை இளையோரை வருத்துவன. இவற்றிற் பெரும்பாலானவற்றிற்கு நோயாளி செய்த பிழை யாதும் காரணமன்று. ஆதலின், 'நீ செய்ததன் பயன்' என்றோ, 'முன்வினை' என்றோ கூறி நொந்த மனத்தை மேலும் நோகச் செய்தல் அறமன்று.

காலத்தாழ்வு நேருமாறு:— இளையோரிடத்து நோயைக் கண்டறிவதிற் காலம் வீணாவதற்குக் காரணங்கள் உள. முதலாவது, இந்த வயதிற் புற்றுநோய் வருமா என்ற ஐயம். கழுத்தில் வீங்கிய கட்டியைச் சதைத் துணுக்கெடுத்து ஆராயாமலே காசநோய் என்று கொண்டு மாதக்கணக்கில் மருந்துண்பவர் உளர். வளரும் பருவத்து இளைஞனுக்கு முழங்காலையொட்டி நோவும் வீக்கமும் தோன்றினால், பந்தாட்டத்திற் பட்ட அடி என்றெண்ணி எண்ணெய் தேய்த்து நீவிக் கட்டுப்போடுவர். அந்நோவு எலும்புப் புற்றுநோயாயின், நீவுதல் பெருந்தீங்கு. மறைவிடத்திற் கட்டி கண்டவர் நாணத்தால் எவரிடமும் கூறார். ஆறாத காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், பல்லீறில் இரத்தம் கசிதல், இரவில் ஓயாது வலிக்கும் எலும்பு, மூன்று வாரங்களுக்கு மேலும் கரையாத கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். இவை பெரும்பாலும் வேறு சிறு நோய்களாகவே முடியும். எனினும் சோதித்தறிதல் கடமை. சுந்தரம்பாள் அம்மையாரின் வரலாறு நமக்குக் கற்பிப்பதும் அதுவே.

நம்பிக்கைக்குரிய செய்திகள்:— புற்றுநோய் என்றாலே மரணம் என்பது பழங்கதை. 1984ஆம் ஆண்டு முதற் சென்னை, மும்பை, டில்லி ஆகிய மூன்று நகரங்களின் மருத்துவமனைகள், 25 வயதிற்குட்பட்ட இரத்தப் புற்றுநோயாளர்க்கு ஒரே முறையான கூட்டு மருந்துச் சிகிச்சையை அளித்தன. அதற்கு முன் ஐவரில் ஒருவரே பிழைத்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் நோயின்றி வாழும் நிலை தோன்றிற்று. பின்னர் வந்த முறைகள் அதனினும் சிறந்தன. ஹாட்ஜ்கின் என்பாரின் பெயரால் வழங்கும் நிணநீர்ப் புற்றுநோயில், உரிய சிகிச்சையை முழுமையாகப் பெற்றாரில் மிகப் பெரும்பாலார் குணமடைகின்றனர். விதைப்பைப் புற்றுநோய் உடலின் பிற பகுதிகட்குப் பரவிய பின்னும் குணமாதல் உண்டு. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு, நம் முன்னோர் பாஷாணம் என்றழைத்த ஆர்சனிக்கைத் தூய்மை செய்து அளவறிந்து நரம்பின் வழியே செலுத்தும் முறையை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1998 முதற் கையாண்டு, குறைந்த செலவில் பலரைக் காத்தனர்.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கூறத்தக்கது. நாட்பட்ட இரத்தப் புற்றுநோயின் ஒரு வகை, மேனாட்டில் முதியோரிடமும் நம் நாட்டில் அவரினும் இளைய வயதினரிடமும் மிகுதியாகக் காணப்படுகின்றது. அதற்குரிய இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001இல் வழக்கிற்கு வந்தது. நாள்தோறும் உண்டுவரின் நோய் அடங்கி, பல்லாண்டு வாழ்தல் கூடும். ஆனால் கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்திற்கு அக்காலத்தில் மாதத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் விலை இருந்தது. உள்நாட்டிற் செய்யப்பட்டதற்கோ பத்தாயிரம் ரூபாய் அளவே இருந்தது. அந்நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அம்மறுப்பை உறுதி செய்தது. அத்தீர்ப்பால் ஏழை இளைஞர் எத்தனையோ பேர்க்கு மருந்து எட்டும் பொருளாயிற்று. ஆயினும், நலமாயிற்றென்று எண்ணி மாத்திரையைத் தாமே நிறுத்துவாரிடம் நோய் மீண்டும் தலையெடுக்கும். அருகிலிருப்போர் இதனை நினைவூட்டுதல் பேருதவியாம்.

உண்மையை உரைத்தல்:— நம் நாட்டுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவர் நோயின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்பொழுதே, தந்தையோ தமையனோ கண்ணாற் குறிப்புக் காட்டித் தடுப்பர். பின்பு மருத்துவரைத் தனியே கண்டு, 'பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்' என்று இரப்பர். அன்பினாற் செய்யும் செயலே இது. ஆயினும் 20 வயது நிரம்பிய ஒருவன், தன்னுடன் படுத்திருப்போரையும் சுவரிலுள்ள பலகையையும் கண்டு உண்மையை விரைவில் உணர்ந்துகொள்கின்றான். தான் அறிந்தது பெற்றோர்க்குத் தெரியக்கூடாதென்று அவனும் மறைக்கின்றான். ஒரே அறையில் மூவர் ஒருவர்க்கொருவர் தெரியாமல் அழுகின்றனர். அவன் கேட்கவேண்டிய வினாக்கள் கேட்கப்படாமலே போகின்றன. ஆதலின், நோயின் பெயர் யாது, சிகிச்சை எத்தனை திங்கள் நீளும், எவ்வெத் துன்பங்கள் வரும், அவற்றுள் எவை நீங்கும் என்பனவற்றை அவனது மொழியிலே பொறுமையுடன் உரைத்தல் வேண்டும். ஒரே நாளில் யாவும் கூறல் வேண்டா; அவன் கேட்குமளவு கூறின் போதும். சட்டப்படியும் 18 வயது நிரம்பியவர் சிகிச்சைக்குத் தாமே உடன்பாடு அளிக்கவேண்டியவராவர்.

காவிரி நாட்டுக் குடும்பத்தின் இடர்:— வடவாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இரண்டு ஏக்கர் நஞ்சையுடைய குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதெனக் கொள்வோம். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். சூன் 12ஆம் நாள் மேட்டூரிற் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு நாற்று விட வேண்டும். அதே வாரம் சென்னைக்கோ வேலூருக்கோ புதுச்சேரிக்கோ செல்ல வேண்டும். சம்பா நடவின்போது தந்தை மருத்துவமனை வாயிலிற் காத்திருப்பார். தாய் தாலிக்கொடியை அடகு வைப்பாள். தங்கையின் திருமணம் தள்ளிப்போகும். படுக்கையிற் கிடக்கும் இளைஞன் இவை யாவற்றையும் கண்டு, 'நான் பிழைத்திருப்பதே இவர்கட்குச் சுமை' என்று எண்ணத் தொடங்குகின்றான். நோயின் வலியினும் இவ்வெண்ணம் கொடிது. பாதியிற் சிகிச்சையைக் கைவிட்டு வீடு திரும்புவோரிற் பலர் மருந்தின் கொடுமையால் அன்று, இச்சுமையுணர்ச்சியாலேயே திரும்புகின்றனர். ஆதலின் அக்குடும்பத்தின் வயலில் ஒருநாள் நடவுக்கு ஆள் அனுப்பும் அயலானும், அறுப்புக்காலத்தில் நெல்லைக் களத்திற் சேர்க்கும் உறவினனும் அவ்விளைஞனுக்கே மருந்தளித்தவர் ஆவர்.

பொருளுதவியும் பயணமும்:— தமிழ்நாட்டரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகின்றது. குறைந்த வருவாயுடைய குடும்பங்கட்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவினை அது ஏற்கின்றது; புற்றுநோய் மருந்துகளும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். அட்டை இல்லாதார் வருவாய்ச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். இந்திய இரயில்வேயில், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளர்க்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன்செல்லும் ஒருவர்க்கு நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி. இதற்கு மருத்துவமனையார் உரிய படிவத்தில் சான்றளிப்பர். தஞ்சையினின்றும் இரவில் உழவன் வண்டியும், பகலிற் சோழன் வண்டியும் கும்பகோணம் மயிலாடுதுறை வழியே சென்னைக்குச் செல்கின்றன. ஆயினும் தங்கும் இடம், உணவு, இழந்த நாட்கூலி ஆகியவற்றை எத்திட்டமும் கொடுப்பதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையோ வாரத்தில் 5 நாளாகப் பல வாரங்கள் தொடரும். உறவினரும் ஊராரும் நிரப்பவேண்டிய இடைவெளி இதுவே.

வீட்டிற் காத்தல்:— கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது. மயிர்க்கால், வாயின் உட்புறம், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் விரைந்து பெருகுவனவாதலின் அவையும் தாக்குறுகின்றன. முடி உதிர்தல் அதனாலேயே. சிகிச்சை முடிந்த சில திங்களில் அது மீளவும் வளரும். வாந்திக்கு இக்காலத்தில் நல்ல மருந்துகள் உள. அஞ்சத்தக்கது வெள்ளணுக்கள் குறைதலே. மருந்தேற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை பெரும்பாலும் அவை மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் உடல்வெப்பம் 100.4 பாகைக்கு மேற் செல்லின், இரவாயினும் பகலாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டிலே கசாயம் வைத்துக் காத்திருத்தல் உயிருக்கு இடையூறாம். எனவே ஒவ்வொரு வீட்டிலும் வெப்பமானி ஒன்றும், நள்ளிரவில் அழைத்தாலும் வரும் வண்டிக்காரரின் தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும்.

நெல்வயல் சூழ்ந்த நம் நாட்டிற்குச் சில சிறப்பு எச்சரிக்கைகளும் உள. வெள்ளணு குறைந்த நாட்களில் வெறுங்காலுடன் சேற்றிலிறங்குதல் கூடாது. எலிக்காய்ச்சற் கிருமி அச்சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் இருக்கும். காய்ச்சி ஆறிய நீரையே பருக வேண்டும். நம்மவர் போற்றும் பழைய சோறு நல்லுணவே. ஆயினும் இந்நாட்களில் அப்பொழுதே சமைத்த சூடான உணவே ஏற்றது. ஐப்பசி கார்த்திகைத் திங்களிற் பெருமழையும் புயலும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரைகடந்து ஊர்களைத் துண்டித்ததை மறந்தாரில்லை. அப்பருவத்திற்கு முன்னரே, மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் நீர்புகாத உறையிலிட்டு வைத்தலும், இரண்டு வாரத்திற்கான மாத்திரைகளைச் சேமித்தலும், சிகிச்சை நாளுக்கு இரண்டு நாள் முன்பே நகரை அடைதலும் அறிவுடைமை.

நோயாளியைக் காண வருவோர் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்வர். முள்சீத்தாப் பழம் என்பார் ஒருவர். ஏதோ ஒரு வேர்ப்பொடி என்பார் மற்றொருவர். அன்பால் கூறுவோரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆயின் மருத்துவர்க்குத் தெரியாமல் ஒன்றையும் உண்ணுதல் ஆகாது. சில மூலிகைகள் ஈரலைத் தாக்கும். சில, மருந்தின் வலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எல்லாவற்றினும் பெருங்கேடு, குணமாகக்கூடிய நோயுடையார் உரிய சிகிச்சையை விட்டு இவற்றையே நம்பிக் காலம் போக்குதல்.

மணமும் மகப்பேறும்:— இதனைப் பேச நம்மவர் கூசுவர். ஆனாற் பேசாமையால் வரும் இழப்பு மீட்கவொண்ணாதது. சில மருந்துகளும் கதிர்வீச்சும் மகப்பேற்றுத் திறனைக் கெடுக்கக்கூடும். சிகிச்சை தொடங்குமுன் ஆடவர் விந்தணுவைக் குளிர்நிலையிற் சேமித்து வைத்தல் எளிது. ஓரிரு நாளில் முடியும். மகளிர்க்குச் சினைமுட்டையைச் சேமிக்கும் முறைகள் உள. அவற்றிற்குச் சிறிது காலம் வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின் இதனைக் கேட்பதிற் பயனில்லை. பெற்றோர் கேட்க நாணினால், மூத்த சகோதரியோ நண்பனோ மருத்துவரிடம் கேட்டல் நலம். குணமடைந்தோர் மணம் புரிதற்கும், நலமுள்ள மக்களைப் பெறுதற்கும் தடையில்லை. இளையோர் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை மரபுவழி வருவன அல்ல. ஆதலின், 'அவ்வீட்டிற் பெண்ணெடுக்க வேண்டா' என்று உடன்பிறந்தாரையும் சேர்த்து ஒதுக்குதல் அறியாமையேயாம். மணம் பேசும்பொழுது உண்மையை மறையாது உரைத்தலும், கேட்டவர் அதனை ஊரெங்கும் பரப்பாது காத்தலும் இருதிறத்தார் கடமைகள்.

ஆசிரியர் கடமை:— சிகிச்சை பெறும் மாணவனுக்குக் கல்லூரி என்பது பாடம் மட்டுமன்று. தான் நோயாளி மட்டுமல்லன் என்பதற்குச் சான்றும் அதுவே. ஆதலின், 'உடல் தேறட்டும், பின்பு பார்ப்போம்' என்று பெயரை அடித்துவிடுதல் நன்மை போற் தோன்றும் தீமை. வருகைக் குறைவை மருத்துவச் சான்றின்பேரிற் பொறுத்தல், இரத்த அணுக்கள் குறையும் வாரத்திற் தேர்வு வைக்காதிருத்தல், ஆய்வுக்கூடப் பயிற்சியை வேறொரு நாளில் முடிக்க இடமளித்தல் ஆகியன விதிகளுக்கு உட்பட்டே செய்யக்கூடியன. அவன் மீண்டும் வகுப்பிற்கு வருமுன், உடன்பயில்வார்க்கு எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது என்று அவனையே கேட்டறிதல் முறை. வழுக்கைத் தலையுடன் வாயிலில் நிற்பவனை நோக்கி நாற்பது கண்கள் ஒருங்கே திரும்புவது எத்துணை கடுமை என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும்.

நண்பர் கடமை:— நோயுற்ற முதற்றிங்களில் நண்பர் கூட்டங்கூட்டமாக வருவர். ஆறாம் திங்களில் ஒருவரையும் காணோம். அவர் கல்நெஞ்சர் அல்லர். என்ன பேசுவதென்று அறியாமல் விலகுகின்றனர். அவர்க்கு நாம் கூறுவது இது: பெரிய ஆறுதல் மொழிகள் வேண்டா. 'ஒன்றும் ஆகாது' என்று உறுதி கூறவும் வேண்டா. அஃது உமக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். வகுப்பிலெடுத்த குறிப்புகளை அனுப்புங்கள். நடந்த பந்தாட்டத்தை விவரியுங்கள். அவன் சினந்தால் சினக்கட்டும் என்று அருகிலிருங்கள். 'ஏதாவது வேண்டுமா?' என்று பொதுவாகக் கேட்பதினும், 'செவ்வாய்க்கிழமை உன் தாய்க்குப் பதில் நான் மருத்துவமனையில் இருக்கிறேன்' என்று சொல்வது மேல். சளியோ காய்ச்சலோ உள்ளவர் நேரிற் செல்லாது தொலைபேசியிற் பேசுக.

இரத்தமும் எலும்பு மச்சையும்:— மாணவர் தம் உடலாலேயே செய்யத்தக்க உதவியும் ஒன்றுண்டு. 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் போதிய இரத்தச் செறிவும் உடைய நலமுள்ளார் எவரும் இரத்தம் அளிக்கலாம். ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், மகளிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் அளித்தல் கூடும். இரத்தப் புற்றுநோயாளர்க்குச் சிறப்பாக வேண்டுவது இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள். அவற்றை 5 நாளுக்கு மேற் சேமித்து வைத்தல் இயலாது. எனவே ஆண்டுவிழாவன்று நூறு பேர் ஒருங்கே அளிப்பதினும், வாரந்தோறும் ஐவர் அழைத்தவுடன் வர ஆயத்தமாயிருப்பது நோயாளர்க்குப் பெரிதும் பயன்படும். கல்லூரிகளில் இரத்த வகைவாரியாகப் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருப்பின் இது எளிதில் முடியும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்தார் ஒருவர் பொருந்துதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. அயலாருள் தேடுங்கால் ஒரே மரபினரிடமே பொருத்தம் கிடைத்தல் மிகுதி. இதற்கென 2009இல் சென்னையிற் தோன்றிய தாத்ரி என்னும் பதிவகத்தில், கன்னத்தின் உட்புறம் பஞ்சினால் தடவியெடுத்துத் தம் பெயரைப் பதிந்து வைக்கலாம். பதிந்தபின், அழைப்பு வருங்கால் பின்வாங்காதிருத்தலே முக்கியம். எதிர்முனையில் ஓர் உயிர் அவ்வொரு பெயரையே நம்பிக் காத்திருக்கும்.

மனநலம்:— நோயுற்ற இளையோரிடத்துச் சினமும் அச்சமும் தோன்றுதல் இயல்பு. ஆனால் பல வாரங்கள் உறக்கமின்மை, எவருடனும் பேசாமை, வாழ்வே வேண்டா என்ற பேச்சு ஆகியவை காணின், அதனை மனத்தளர்ச்சி என்று தள்ளிவிடாது மனநல மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். 2022 முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் என்னும் உதவியை 14416 என்ற எண்ணிற் தமிழிலேயே பெறலாம். இரவு பகல் காத்திருக்கும் தாய்க்கும் அவ்வுதவி வேண்டப்படும் என்பதை மறத்தலாகாது.

சிகிச்சைக்குப் பின்:— கடைசி ஊசி போட்ட அன்று வீட்டார் இனிப்பு வழங்குவர். அவனுக்கோ, அன்றுதான் புதிய அச்சம் தொடங்கும். ஒவ்வொரு தலைவலியும் நோய் திரும்பிற்றோ என்ற ஐயத்தை எழுப்பும். வாரந்தோறும் கண்ட செவிலியரும் மருத்துவரும் இனி இல்லை. உடன்பயின்றோர் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். சில மருந்துகள் பல்லாண்டு கழித்து இதயத்தைத் தளரச் செய்தலும் உண்டாதலின், ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. தாம் பெற்ற மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாளொன்றை வாழ்நாள் முழுதும் காத்து வைத்தல் வேண்டும். பழைய வேலைக்குத் திரும்ப இயலாதவர்க்குத் தகுந்த வேறு வேலை தேடித் தருதல் உற்றாரின் அடுத்த கடன்.

எல்லோரும் குணமடைவர் என்று சொல்வது உண்மையாகாது. சிலர் குணமடையார். அத்தகையார்க்கு, 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று கைவிடுவது பிழை. வலியைத் தணிக்கலாம், மூச்சுத்திணறலை ஆற்றலாம், வீட்டிலிருக்க விரும்பின் வீட்டிலேயே பேணலாம். வலிக்குரிய மார்பின் மருந்து கிடைத்தற்கிருந்த சட்டத் தடைகளை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்திற்று. தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் வழியே, வீடுதேடி வந்து இப்பணி செய்யும் செவிலியரும் உளர். இறுதி நாட்களில் இளையவர் ஒருவர் கேட்பவை பெரும்பாலும் சிறியனவே: ஒரு நண்பனைக் காணுதல், ஆற்றங்கரையிற் சற்றே அமர்தல், தம்பியிடம் ஒன்று சொல்லுதல். அவற்றை, 'பிறகு ஆகட்டும்' என்று தள்ளாது அன்றே செய்து கொடுத்தல் வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையை இழந்த 1923ஆம் ஆண்டிற்கும், மருத்துவமனையைத் திறந்த 1954ஆம் ஆண்டிற்கும் இடையே 31 ஆண்டுகள் சென்றன. அத்துணைப் பெருஞ்செயல் நம் அனைவர்க்கும் இயல்வதன்று. ஆயினும் ஓர் ஏக்கர் நடவு, ஓர் இரவுக் காவல், ஒரு குறிப்பேடு, ஒரு குப்பி இரத்தம், மறைக்காத ஓர் உண்மைச்சொல் ஆகியவை யாவர்க்கும் இயல்வனவே. நம் கல்லூரியிலோ ஊரிலோ அத்தகைய இளைஞரோ இளம்பெண்ணோ இன்று இருத்தல் கூடும். அவர் இருக்குமிடத்தை அறிந்து, இவ்வாரமே சென்று காண்பது இதனைப் படிப்போர் கடமையாகும்.